உபகாரமா, சம்பளமா?

கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குப் பிறர் கொடுக்கும் பண உதவிக்கு நம் பழைய தமிழில் உபகாரச் சம்பளம் என்று ஒரு பெயர் உண்டு. உதவித்தொகை, கல்விக் கொடை என்று இப்பொழுது புதிய சொற்கள் வந்துவிட்டன. ஆயினும் கடைத்தெருவில் வயதானவர்கள் வாயில் இன்னும் உபகாரச் சம்பளம்தான்.

இந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். உபகாரம் என்பது கடமை இல்லாத இடத்திலும் மனமிரங்கிச் செய்வது. சம்பளம் என்பது உழைத்தவனுக்குக் கொடுத்தே தீரவேண்டியது. முன்னது கொடுப்பவனுடைய நல்ல மனத்தைப் பொறுத்தது. பின்னது வாங்குபவனுடைய உரிமையைப் பொறுத்தது. ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு பொருள்களை நம் முன்னோர் எப்படியோ ஒரே சொல்லில் கட்டி வைத்துவிட்டார்கள். அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று அண்மையில் எனக்கு வாய்த்தது.

வியாபாரிகள் சிலர் கூடியிருந்த ஓரிடத்தில், கடமையில் உயிர்நீத்த போலீஸ்காரர்களின் பிள்ளைகளைக் கல்லூரியில் படிக்கவைப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. ஒரு நண்பர், "போலீஸ்காரர் பிள்ளைக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்? அவருக்குச் சர்க்கார் சம்பளம் இருந்தது; பென்ஷன் இருக்கிறது. நம் தெருவிலேயே பணமில்லாமல் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்!" என்றார். மற்றொரு நண்பர் சிரித்துக்கொண்டே, "கொடுத்து வைப்போம், பாய். போலீஸ் ஸ்டேஷனில் நம் பெயர் தெரிந்திருப்பது என்றைக்காவது உதவும்" என்றார்.

முதல் நண்பரின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லியாக வேண்டும். இரண்டாம் நண்பரின் பதில் கொடுக்கச் சொல்லும் பதில்தான். இருந்தும் அதுவே என்னை அதிகமாக உறுத்தியது. அன்றிரவு வீட்டுக்குப் போன பிறகும் இரண்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு கதை சொல்லுகிறேன். நம்மைப் போன்ற ஒரு வியாபாரியின் கதை அது.

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்ற நகரம் மோட்டார் கார் தொழிலுக்குப் பேர்போனது. 1950களின் தொடக்கத்தில் அங்கே இளம் போலீஸ்காரர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அவர் மனைவி அப்பொழுது கருவுற்றிருந்தார். வில்லியம் பேக்கர் என்ற கார் வியாபாரி இதைக் கேள்விப்பட்டுத் தம் நண்பர்கள் நூறு பேருக்குக் கடிதம் எழுதினார். ஆளுக்கு ஒரு தொகை கேட்டார். நூறு பேரும் அனுப்பினார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு விதவையின் வீட்டுக் கடனை அடைத்தார்கள். இன்னும் பிறவாத பிள்ளையின் படிப்புக்கென்று ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கினார்கள். 1952இல் அந்த முயற்சி நூற்றுவர் சங்கம் என்ற பெயரில் நிலைபெற்றது. பிற்பாடு அமெரிக்காவின் வேறு பல நகரங்களிலும் அதே மாதிரி சங்கங்கள் தோன்றின.

பேக்கர் செய்தது உபகாரமா, சம்பளமா? நல்ல மனம் படைத்த ஒருவர் மனமிரங்கிக் கொடுத்தார், ஆகையால் உபகாரமே என்று தோன்றும். ஆனால் அவர் அந்த ஊரில் விதவையான ஒவ்வொரு பெண்ணுக்காகவும் நூறு கடிதம் எழுதவில்லை. இந்த விதவைக்காக எழுதினார். ஏன்? தம் கடை பூட்டியிருக்கும் நேரத்தில் தெருவில் விழித்திருந்தவர் இறந்துவிட்டார் என்பதை அந்த வியாபாரி உணர்ந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

நம் தொழிலை எண்ணிப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கல்லாவை எண்ணிக் கட்டிவிட்டுக் கதவை இழுத்துப் பூட்டுகிறோம். காலையில் திறக்கும்போது சரக்கு வைத்த இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கை நமக்கு இருக்கிறது. அந்த நம்பிக்கையும் நம் முதலீட்டில் ஒரு பகுதிதான். சரக்குக்கு விலை கொடுத்தோம், கடைக்கு வாடகை கொடுத்தோம், இந்த நம்பிக்கைக்கு யாருக்கு என்ன கொடுத்தோம்? இந்நாட்டில் மலாய்க்காரர்கள் முற்காலத்தில் போலீஸ்காரரை மாத்தா மாத்தா என்று அழைத்தார்கள். மாத்தா என்றால் கண். ஊர் கண்மூடும் நேரத்தில் கண்மூடாமல் இருப்பவர் என்று பொருள்கொண்டால் அதைவிடப் பொருத்தமான பெயர் வேறு இல்லை.

"நாம் வரி கட்டுகிறோம், அவர் சம்பளம் வாங்கினார், கணக்கு நேராகிவிட்டது" என்று சொல்லலாம். அவருடைய உழைப்புக்குக் கணக்கு நேரானது உண்மையே. எட்டு மணி நேரம் நின்றதற்கும், நடந்ததற்கும், எழுதியதற்கும் சம்பளம் ஈடாகும். ஆனால் அவர் உயிருக்கு அந்தச் சம்பளத்தில் விலை போடப்படவில்லை. ஆயுதத்தோடு ஒருவன் வரும்போது நமக்கு ஓடிப்போகும் உரிமை உண்டு. ஓடினால் நம்மை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஓடக்கூடாது என்ற கட்டளை அவருக்கு மட்டுமே இருக்கிறது. நாம் எல்லோரும் ஓடுவதற்காக அவர் ஓடாமல் நிற்கிறார். அப்படி நின்று விழுந்துவிட்டால், மாதச் சம்பளத்தில் அடங்காத ஒரு தொகை நம் பெயரில் பற்று எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே, அவர் பிள்ளையின் படிப்புக்குக் கொடுப்பது கடன் தீர்ப்பதே என்பது என் துணிபு.

இதை ஒப்புக்கொண்டால் சில முடிவுகளையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. கல்விக்குக் கொடுக்கும் பணம் மூவகை. முதல் மாணவனாகத் தேறியவனுக்குக் கொடுப்பது பரிசு. அதற்குத் திறமையைப் பார்க்க வேண்டும். ஏழைக்குக் கொடுப்பது தருமம். அதற்கு வறுமையைப் பார்க்க வேண்டும். கடனைத் தீர்ப்பதற்கு இவ்விரண்டையும் பார்க்க இடமில்லை. கடன் கொடுத்தவர் வசதியுள்ளவர் என்பதற்காக அவருக்குச் சேரவேண்டியதை நாம் நிறுத்தி வைக்கிறோமா? அவர் மகன் பரீட்சையில் குறைந்த மதிப்பெண் வாங்கினான் என்று சொல்லித் தவணையைத் தள்ளிப் போடுகிறோமா?

சட்டம் எழுதியவர்களும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1976இல் இயற்றிய ஒரு சட்டம், கடமையில் இறந்த போலீஸ்காரர், தீயணைப்பாளர் ஆகியோரின் குடும்பத்துக்கு ஐம்பதாயிரம் டாலர் என்று நிர்ணயித்தது. கல்வி உதவி 1996இல்தான் வந்தது. அதுவும் முதலில் கூட்டரசுக் காவல் அதிகாரிகளின் குடும்பங்களுக்கு மட்டும். 1998இல் மாநிலப் போலீஸார், ஊர்ப் போலீஸார், தீயணைப்பாளர் குடும்பங்களுக்கும் அதை விரித்தார்கள். மனைவிக்கும் உண்டு, பிள்ளைகளுக்கு இருபத்தேழு வயது வரை உண்டு, மொத்தம் நாற்பத்தைந்து மாதப் படிப்புக்கு உண்டு. 1978 ஜனவரி முதல் தேதிக்குப் பின் நேர்ந்த மரணங்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். இருபது வருஷப் பழைய பாக்கியைத் தேடியெடுத்துத் தீர்க்க முன்வந்தவர்கள் அதைக் கடனாகவே எண்ணினார்கள் என்று கொள்ளலாம். அதே நாட்டில் கலிபோர்னியா மாநிலம் தன் உதவியைக் கொடுக்குமுன் குடும்பத்தின் பண நிலையைப் பார்க்கிறது. அங்கே கடனோடு தருமமும் கலந்துவிட்டது. இரண்டும் நல்ல நோக்கம் உடையவைதாம். ஆயினும் தகப்பனை இழந்த பிள்ளை, தன் வீட்டு வறுமைக்குச் சான்று காட்டித்தான் தகப்பனுக்குச் சேரவேண்டியதை வாங்கலாம் என்பது என் மனத்துக்கு ஒவ்வவில்லை.

இனி முதல் நண்பரின் கேள்விக்கு வருவோம். போலீஸ்காரர் பிள்ளைக்கு மட்டும் ஏன்? மற்றப் பிள்ளைகள் பிள்ளைகள் இல்லையா?

இந்தக் கேள்வி 2001 செப்டம்பர் 11இல் நியூயார்க்கில் பயங்கரமாக எழுந்தது. இரட்டைக் கோபுரங்கள் இடிந்தபோது அந்நகரப் போலீஸார் 23 பேரும், துறைமுக ஆணையப் போலீஸார் 37 பேரும், தீயணைப்பாளர் 343 பேரும் மாண்டார்கள். அதே கட்டடத்தில் கணக்கு எழுதியவர்கள், தட்டுக் கழுவியவர்கள், தரை கூட்டியவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் கல்விக்காகத் திரட்டிய ஒரு நிதிக்கு முன்னாள் ஜனாதிபதி கிளிண்டனும், அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்ற பாப் டோலும் சேர்ந்து தலைமை ஏற்றார்கள். பத்துக் கோடி டாலருக்கு மேல் திரண்டது. அந்த நிதியில் போலீஸ்காரர் பிள்ளைக்கும் இடம் இருந்தது. தட்டுக் கழுவியவர் பிள்ளைக்கும் இடம் இருந்தது. துயரத்துக்கு உத்தியோகப் பாகுபாடு கிடையாது என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொண்டது.

அது சரியான ஏற்பாடுதான். நான் சொல்லுவது அதற்கு மாறானதன்று. ஒருவருக்குப் பட்ட கடனைத் தீர்ப்பதனால் மற்றவருக்குச் செய்யவேண்டிய தருமம் நின்றுபோவதில்லை. வியாபாரி ஒருவன், "ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டேன், ஆகையால் மொத்தக் கடைக்காரருக்குப் பாக்கி கொடுக்க மாட்டேன்" என்று சொன்னால் ஊர் ஒப்புமா? "பாக்கியைத் தீர்த்துவிட்டேன், இனி ஏழைக்குக் கொடுக்க மாட்டேன்" என்று சொன்னாலும் ஒப்பாது. இரண்டும் வெவ்வேறு ஏடு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மூடக்கூடாது.

கடன் என்று ஒப்புக்கொண்ட பிறகும் அதற்கு வேலி போடுகிறவர்கள் உண்டு. இந்தியாவில் பிரதம மந்திரியின் உபகாரச் சம்பளத் திட்டம் முன்பு இராணுவம், துணை இராணுவம், ரயில்வே பாதுகாப்புப் படை ஆகியவற்றைச் சேர்ந்த குடும்பங்களுக்கே உரியதாக இருந்தது. 2019 மே மாதத்தில் அதை மாநிலப் போலீஸாருக்கும் விரித்து, வருஷத்துக்கு ஐந்நூறு இடங்கள் ஒதுக்கினார்கள். ஆண் பிள்ளைக்கு மாதம் 2,500 ரூபாய், பெண் பிள்ளைக்கு 3,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். பெண் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுத்தது பாராட்டத்தக்கது. தகப்பனை இழந்த வீட்டில் முதலில் நிற்பது அநேகமாக மகளின் படிப்பே. ஆனால் பயங்கரவாதிகளோ நக்சலைட்டுகளோ தாக்கி இறந்த மாநிலப் போலீஸாரின் பிள்ளைகளுக்கே அந்த இடங்கள் என்று விதித்தார்கள். நெடுஞ்சாலையில் கடத்தல் லாரியை மறித்து அதன் சக்கரத்தில் மாண்டவர் பிள்ளையின் கதி என்ன? கொன்ற கை எது என்பதைக் கொண்டா கடனை அளப்பது? அமெரிக்கர்கள் இந்த வேலியைச் சிறிது சிறிதாக அகற்றினார்கள். 2020இல் கொரோனா நோய் கண்டு இறந்த காவலர்களையும், 2022இல் கடமையில் கண்ட கொடுமையால் மனம் உடைந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

குடும்பத்துக்கு எதற்கு என்று கேட்போரும் இருக்கலாம். அவர்கள் இந்நாட்டு வரலாற்றில் ஒரு தேதியை நினைவில் கொள்ள வேண்டும். அவசரகாலத்தின்போது, 1950 பிப்ரவரி 23ஆம் தேதி விடியுமுன், ஜோகூரில் மூவார் ஆற்றோரத்தில் இருந்த புக்கிட் கெப்போங் போலீஸ் நிலையத்தைக் கம்யூனிஸ்டுகள் பெருங்கூட்டமாக வந்து சூழ்ந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சரணடைய மறுத்தார்கள். காவலர்களோடு அவர்களுடைய குடும்பங்களும் அங்கேயே குடியிருந்தன. கணவன் விழுந்த இடத்தில் மனைவி துப்பாக்கியை எடுத்தாள். குடியிருப்புக்கு வைத்த தீயில் பெண்டு பிள்ளைகளும் மாண்டார்கள். அந்தக் குழந்தைகள் எந்தச் சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர்கள். போலீஸ்காரர் வேலைக்குச் சேரும்போது அவர் குடும்பமும் கூடவே சேர்ந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அமைதிக் காலத்திலும் ஊர் விட்டு ஊர் மாற்றலாகும்போது பள்ளிக்கூடம் விட்டுப் பள்ளிக்கூடம் மாறுகிறவர்கள் அந்தப் பிள்ளைகளே. பெருநாள் அன்று தகப்பன் இல்லாமல் உண்கிறவர்களும் அந்தப் பிள்ளைகளே.

இந்தக் கடனில் வேறொரு சிரமமும் இருக்கிறது. இது மிக நீண்ட தவணை. 2013 மார்ச் மாதத்தில் சபாவில், லஹாட் டத்துவிலும் செம்பூர்ணாவிலும் போலீஸார் எட்டுப் பேர் மாண்டார்கள். 2024 மே 17இல் ஜோகூரில் உலு திராம் போலீஸ் நிலையத்தில் இரண்டு இளம் காவலர்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவருக்கு வயது 22, மற்றவருக்கு 24. அப்படிப்பட்ட நாளில் ஊரே அழுகிறது, பத்திரிகை எழுதுகிறது, கையில் இருப்பதை எல்லோரும் கொடுக்கிறார்கள். ஆனால் தகப்பன் இறக்கும்போது இரண்டு வயதாயிருக்கும் பிள்ளை கல்லூரி வாசலுக்கு வர இன்னும் பதினாறு பதினேழு வருஷம் ஆகும். அப்பொழுது அழுதவர்களில் யார் இருப்பார்கள்? எழுதிய பத்திரிகைக்கு நினைவிருக்குமா? துக்க வீட்டில் கொடுக்கும் பணம் துக்கத்தோடு செலவாகிவிடும். ஆகையால்தான் டெட்ராய்ட் வியாபாரிகள் பிறவாத பிள்ளையின் பெயரில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அது அமானிதம். அமானிதத்தைப் பதினேழு வருஷம் தொடாமல் காப்பது, ஒரு நாள் கண்ணீர் விடுவதைவிடக் கடினமான அறம். கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு அது கைவந்த தொழிலும்கூட.

இப்பொழுது இரண்டாம் நண்பரிடம் வருகிறேன். "கொடுத்து வைப்போம், உதவும்" என்றாரே, அதில்தான் ஆபத்து இருக்கிறது. காப்பிக் காசு என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாங்குகிறவரைத் திட்டுகிறோம், நீட்டுகிற கை நம்முடையது என்பதை மறந்துவிடுகிறோம். வேலையில் இருக்கும் போலீஸ்காரரின் பிள்ளைக்கு, அவர் காவல் காக்கும் அதே தெரு வியாபாரி கல்லூரிப் பணம் கட்டினால், அதற்கு உபகாரம் என்று பெயர் வைத்தாலும், சம்பளம் என்று பெயர் வைத்தாலும், ஊர் அதற்கு வேறொரு பெயர் வைக்கும். ஊர் வைக்கும் பெயர்தான் சரியாக இருக்கும். அந்தத் தகப்பன் நேர்மையானவராய் இருந்தாலும், நாளை நம் கடை வாசலில் நம் லாரி தப்பான இடத்தில் நிற்கும்போது அவர் பேனா தயங்கும். அந்தத் தயக்கத்தைத்தான் நாம் விலைக்கு வாங்கினோம் என்றாகிவிடும்.

வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளம் போதவில்லை என்றால் அதைக் கூட்டிக் கொடுப்பது சர்க்காரின் பொறுப்பு. வேண்டுமானால் அதற்காகக் குரல் கொடுப்போம். நம் கை நீளவேண்டியது, இறந்தவரின் வீட்டுக்கும், இனி எழுந்து வேலைக்குப் போகமுடியாதபடி ஊனமானவரின் வீட்டுக்கும் மட்டுமே. நமக்குக் கைமாறு செய்ய முடியாதவருக்குக் கொடுக்கும்போதுதான் நம் நோக்கம் சுத்தமானது என்று நமக்கே தெரியும். அதையும் பலர் சேர்ந்து ஒரே நிதியில் போட்டு, எந்தக் காசு எவருடையது என்று வாங்குகிறவருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும். நூறு பேரிடம் கேட்டதில் இந்த நன்மையும் இருக்கிறது. நூறு பேர் கொடுத்த இடத்தில் ஒருவனுக்குக் கடன்பட்டவர் எவரும் இல்லை.

இவ்வளவும் எண்ணி முடித்து, நானும் அந்த நிதிக்கு ஒரு தொகை எழுதிக் கொடுத்தேன். மனம் நிறைவாயிருந்தது. மறுநாள் காலையில் கடையில் ஓர் இளைஞன் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அவனைத் தினமும் பார்க்கிறேன். அன்றுதான் பார்த்தது போலிருந்தது.

அவன் தகப்பன் என் கடை லாரியில் சரக்கு ஏற்றி இறக்கியவர். பல வருஷங்களுக்கு முன் வேலை நேரத்தில் நடந்த விபத்தில் இறந்துபோனார். சட்டப்படி கிடைக்க வேண்டியது அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது. அடக்கத்துக்கு நான் முன்னின்றேன். ஓர் உறையில் பணமும் வைத்துக் கொடுத்தேன். பையன் அப்பொழுது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான்; கணக்கில் கெட்டிக்காரன் என்று தகப்பன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவன் படிப்பைப் பற்றி நான் ஒரு நாளும் விசாரிக்கவில்லை. பதினேழு வயதில் அவனாக வந்து வேலை கேட்டான். கொடுத்தேன். கொடுத்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போலீஸ்காரர் ஊருக்காக நின்றார், ஊர் கடன்பட்டது. இந்த மனிதர் என் சரக்குக்காக நின்றார், நான் கடன்பட்டேன். ஊர்க் கடனில் என் பங்கு நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. இந்தக் கடனோ முழுவதும் என்னுடையது. சிறிய பாக்கியைத் தேடிப்போய்த் தீர்த்துவிட்டுப் பெரிய பாக்கியைப் பேரேட்டில் எழுதாமலே இத்தனை வருஷம் ஐந்தொகை போட்டு வந்திருக்கிறேன். அமெரிக்கர்கள் இருபது வருஷப் பழைய மரணத்தைத் தேடியெடுத்ததை மெச்சி மேலே எழுதினேனே, அதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று இப்பொழுது யோசிக்கிறேன்.

அந்த இளைஞனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். விசாரித்தேன், அடுத்த வருஷம் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். அவள் என்ன மதிப்பெண் வாங்குகிறாள் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் வரும்படி எவ்வளவு என்றும் கேட்கவில்லை. அவள் எந்தக் கல்லூரியில், என்ன படிக்க விரும்புகிறாள் என்று மட்டும் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன். அண்ணனையும் மாலை நேரக் கணக்கர் வகுப்பில் சேரச் சொன்னேன். "எனக்கு எதற்கு முதலாளி இந்த உபகாரம்?" என்றான். உபகாரம் இல்லை தம்பி, உன் தகப்பனார் சம்பள பாக்கி என்றேன். அவன் நம்பவில்லை. நம்பவைக்க எனக்கு இன்னும் சில வருஷம் ஆகலாம்.

நண்பர்களே, கடமையில் மாண்ட போலீஸ்காரர் பிள்ளைகளின் படிப்புக்காக ஏதேனும் நிதி உங்கள் கடை வாசலுக்கு வந்தால், தயங்காமல் கொடுங்கள். பெயர் போடாமல் கொடுங்கள். கடன் தீர்க்கிறோம் என்று எண்ணிக் கொடுங்கள். கொடுத்த கையோடு, உங்கள் கடையில் உழைத்து மறைந்தவர்களின் பெயர்களை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், பேரேட்டில் ஒரு பக்கம் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.